தேனடை தேனீயின் வீடு
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மரப்பொந்தில் அடுக்குத் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. பிள்ளைகளைக் கொட்டிவிடுமோ என்ற அச்சத்தில் ஆள் வைத்து, இரவில் தீப்பந்தம் காட்டச் சொன்னவன் நான்தான். வந்தவர் தேனை எடுத்துக்கொண்டு மற்ற அடைகளை மரத்தடியில் போட்டுவிட்டார். காலையில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். அறைதோறும் வெள்ளைப் புழுக்கள். "தேனீ நம்ம நண்பன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் சென்று கற்றுக்கொண்டேன். பெட்டியின் கீழ் அறையில் முட்டையும் புழுவும் இருக்கும். மேல் அறையில் தேன் சேரும். கீழ் அறையில் அவர் கை வைப்பதே இல்லை. மேலே மெழுகு மூடியிட்ட, முதிர்ந்த அடைகளை மட்டும் எடுக்கிறார். இயந்திரத்தில் சுற்றித் தேனை எடுத்தபின் வெற்றடையைத் தேனீக்களுக்கே திருப்பித் தருகிறார்.

அடையோடு சேர்த்துத் தேன் கேட்பவர்களும் உண்டு. வேலைக்காரத் தேனீ தன் வயிற்றடிச் சுரப்பிகளில் சுரக்கும் மெழுகால் அடை கட்டுகிறது. அந்த மெழுகு உண்டாக, அதைப்போல் பல மடங்கு எடையுள்ள தேனை அது உண்ண வேண்டும். "அடையை வெட்டினா அதோட உழைப்பையும் சேர்த்துத்தான் வெட்டுறோம். அதனால ஒன்றிரண்டு போதும்" என்றார் அவர். ரப்பர் மரம் தளிர்க்கும் பருவத்தில், இலைக்காம்பில் சுரக்கும் தேன்பால் மிகுதி. மழைக்காலத்தில் வரத்துக் குறையும். அதற்கென்று அடையில் தேனை விட்டுவைக்கிறார்.

நண்பர்களே, பொந்தில் கூடு கண்டால் தேனீ வளர்ப்பவரை அழையுங்கள். புழுவுள்ள அடைகளை வாழைநாரால் சட்டத்தில் கட்டி, கூட்டத்தையே பெட்டிக்கு மாற்றிவிடுவார். உயரத்தில் தொங்கும் மலைத்தேனீக் கூடு என்றால் பிள்ளைகளை அப்புறப்படுத்தித் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். நாமே தீ வைக்க வேண்டாம்.

வெற்றடை ஒன்று கிடைத்தால் வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். இடைவெளியின்றி அடுக்க முக்கோணமும் சதுரமும் உதவும். ஆயினும் அதே பரப்பை அறுகோணமே குறைந்த சுற்றளவில் அடைக்கும். பிள்ளைகள் அட்டையில் வெட்டி அளந்து பார்க்கட்டும்.

அந்தச் சிறுமிக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். தவறு செய்தவன் நான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.