தமிழுக்குத் திறக்கும் கதவு



சில மாதங்களுக்கு முன்னர் என் அம்மாவுக்கு நீரிழிவு நோய் இருப்பதாக வைத்தியர் சொன்னார். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார், அதனால் அங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் தொடங்கின. ஏன் கால் விறைக்கிறது, ஏன் அடிக்கடி தாகம் எடுக்கிறது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பதின்மூன்று வயது மகளுக்கு அதெல்லாம் நோர்வேஜிய மொழியில் விளங்குகிறது, ஆனால் தமிழில் சொல்ல வரவில்லை. "அம்மம்மா, இரத்தத்திலை சீனி கூடிப்போச்சு" என்பதோடு நின்றுவிட்டாள்.

பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். கைத்தொலைபேசியில் நோர்வேஜிய விக்கிப்பீடியாவைத் திறந்து, நீரிழிவு பற்றிய கட்டுரையை வாசித்தாள். மொழிகளின் பட்டியலில் "தமிழ்" என்ற சொல்லைத் தொட்டாள். அதே விடயம் தமிழில் வந்தது. தொலைபேசியை அம்மம்மாவின் கையில் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு மொழியில் வாசித்துவிட்டு ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். கணையம் என்ற சொல்லை மகள் அன்றுதான் படித்தாள். அந்தக் கட்டுரை வைத்தியருக்கு மாற்றீடு அல்ல. ஆனால் வைத்தியர் சொன்னதை வீட்டில் பேசுவதற்கு ஒரு மொழி கிடைத்தது.

நான் இன்று பேசப் போவது "தமிழ்" என்ற அந்தச் சிறிய இணைப்பைப் பற்றி. அது தானாக வந்ததல்ல.

ஒவ்வொரு மொழியின் விக்கிப்பீடியாவும் ஒரு தனி வீடு மாதிரி. தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. நோர்வேஜியக் கட்டுரையை மொழிபெயர்த்துத் தமிழில் போடுவதில்லை. இங்கே எழுதுகிறவர்கள் வேறு, அங்கே எழுதுகிறவர்கள் வேறு. அப்படியென்றால் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கதவு வைப்பது யார்?

ஆரம்பத்தில் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் மற்ற மொழிகளின் இணைப்புகளை வரிசையாக எழுதி வைத்தார்கள். ஒரு விடயத்துக்கு 100 மொழிகளில் கட்டுரை இருந்தால், ஒவ்வொன்றிலும் 99 இணைப்புகள். எல்லாமாக 9,900. புதிதாக ஒரு மொழியில் கட்டுரை வந்தால், பழைய 100 பக்கங்களையும் திருத்த வேண்டும். இதைச் செய்வதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடின. ஒரு மொழியில் பிழையான இணைப்பைப் போட்டுவிட்டால், அந்தப் பிழையும் எல்லா மொழிகளுக்கும் பரவியது.

இதற்கு 2012 ஒக்டோபரில் விக்கித்தரவு என்ற புதிய திட்டம் வந்தது. ஒவ்வொரு விடயத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார்கள். பூமிக்கு "கியூ 2". பூமி பற்றி எந்த மொழியில் கட்டுரை இருந்தாலும், அந்த இலக்கத்தின் கீழ் ஒரு தடவை பதிந்தால் போதும். மற்ற எல்லா மொழிப் பக்கங்களும் அதைப் பார்த்துத் தாங்களே இணைப்பைக் காட்டும். 2013 ஜனவரியில் ஹங்கேரிய விக்கிப்பீடியா இதை முதலில் ஏற்றுக்கொண்டது. அந்த மார்ச் மாதத்துக்குள் எல்லா மொழிகளும் சேர்ந்துவிட்டன. வீட்டுக்குள் என்ன எழுதுவது என்பது அவரவர் உரிமை. கதவு எங்கே என்பதை மட்டும் எல்லோரும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் "அங்கிள்" என்று ஒரே சொல். எங்களுக்கோ மாமா, சித்தப்பா, பெரியப்பா. ஆங்கிலக் கட்டுரையிலிருந்து இதில் எதற்குக் கதவு வைப்பது? ஓர் இலக்கத்தின் கீழ் ஒரு மொழிக்கு ஒரு கட்டுரையைத்தான் சேர்க்கலாம். இதைக் கணனி தீர்க்காது. மனிதர்கள் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கதவைப் போலவே கதவில் எழுதியிருக்கும் சொல்லும் முக்கியம். விக்கிப்பீடியா மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில் இயங்குகிறது. விக்சனரி, விக்கிமூலம் ஆகியனவும் அதில்தான் இயங்குகின்றன. எங்கள் ஈழத்து நூல்களைப் பாதுகாக்கும் நூலகம் இணையத்தளமும் அப்படியே. "தொகு", "அண்மைய மாற்றங்கள்" போன்ற சொற்களை ஒவ்வொரு தளமும் தனித்தனியாக மொழிபெயர்த்தால், ஒரே பொத்தானுக்கு நாலு பெயர் வரும். ஆகவே தன்னார்வலர்கள் டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் ஒரு தடவை மொழிபெயர்க்கிறார்கள். அது மென்பொருளோடு எல்லா இடத்துக்கும் போகிறது. தொடக்க காலத்தில் இந்தச் சொற்களைத் தமிழாக்குவதில் முன்னின்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் பணியாற்றிய மயூரநாதன். இரவில் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஓரிடத்தில் எழுதுவதென்றால் யாருடைய சொல் என்ற கேள்வி வரும். நாங்கள் "கணனி" என்கிறோம், தமிழ்நாட்டில் "கணினி" என்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் தலைப்பு "கணினி". எனக்கு இதில் முதலில் மனத்தாங்கல் இருந்தது. ஊரைத்தான் விட்டுவந்தோம், சொல்லையும் விடவேண்டுமா என்று நினைத்தேன். பிறகு "வழிமாற்று" என்ற வசதியைப் பற்றி அறிந்தேன். எங்கள் சொல்லைத் தட்டினாலும் அதே கட்டுரைக்குப் போய்ச்சேர வழிவைக்கலாம். பலகையில் ஒரு சொல் இருக்கட்டும், ஆனால் யாரும் வாசலில் நின்று திரும்பிப் போகக்கூடாது. இந்த ஏற்பாட்டில் எனக்குச் சம்மதம்.

புதிய நாட்டில் வந்திறங்கிய நாளில், எழுத்து வாசிக்கத் தெரியாமல் பலகையின் நிறத்தையும் படத்தையும் பார்த்து வழி கண்டுபிடித்தவர்கள் எங்களில் பலர். எல்லா நிலையத்திலும் ஒரே மாதிரிப் பலகை இருந்ததால்தான் பிழைத்தோம். அந்த அருமை எங்களுக்குத் தெரியும்.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை உங்கள் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் ஒரு விடயத்தை நோர்வேஜிய விக்கிப்பீடியாவில் திறவுங்கள். பக்கத்தின் தலைப்பருகிலோ இடது ஓரத்திலோ மொழிகளின் பட்டியல் இருக்கும். அதில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேர்ந்து வாசியுங்கள். இல்லாவிட்டால், தமிழில் கட்டுரை இருந்தும் இணைக்காமல் விட்டிருக்கலாம். தேடிப் பார்த்துப் பிள்ளையைக் கொண்டே இணைப்பியுங்கள். பத்து நிமிட வேலை. கட்டுரையே இல்லையென்றால் நாலு வரியில் நீங்களே தொடங்கலாம். நீங்கள் வைக்கும் கதவு வழியாக முன்பின் தெரியாத ஒரு அம்மம்மாவும் பேத்தியும் ஒரு நாள் பேசிக்கொள்வார்கள்.