கிற்றார்த் தந்தியில் சுழன்ற சக்கரங்கள்

மீட்டிய தந்தியின் ஓசை பிறந்த கணமே தேயத் தொடங்குகின்றது. வயலின் தந்தியோ வில் ஓடும் வரை ஒலித்துக்கொண்டேயிருக்கும். அந்த நீண்ட ஓசையை மின்சாரக் கிற்றாருக்கும் அளிக்க முயன்றோர் இங்கிலாந்து நாட்டுக் கலைஞர் இருவர். 'ரென் சீ சீ' என்னும் குழுவைச் சேர்ந்த கெவின் கொட்லி, லொல் கிறீம் என்போரே அவர்.

கிற்றாரையும் வில்லால் உராய்ந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். வயலினின் குதிரை வளைந்திருத்தலால் வில் ஒரு தந்தியைத் தனித்துத் தொடும். கிற்றாரின் தந்திகளோ ஏறக்குறைய ஒரே மட்டத்திற் கிடப்பன. நடுத்தந்தியைத் தொடப்போகும் வில் அயலிலுள்ளவற்றையும் உரசிவிடும். ஆகவே வில்லுக்குப் பதிலாகச் சக்கரத்தை நாடினர். இஃது அவர்தம் புதுக் கற்பனையன்று. லியனார்டோ டா வின்சி இத்தகைய கருவியொன்றை வரைந்து வைத்திருந்தார். 1575இல் நியூறம்பேர்க் நகரத்து ஹான்ஸ் ஹைடன் அவ்வகையிற் செய்தும் காட்டினார்.

மான்செஸ்ரர் நகரத்துப் பௌதிகவியலாளர் ஜோன் மக்கொனலின் துணையுடன் உருவான இக்கருவிக்குக் 'கிஸ்மோற்றோன்' என்று பெயர். பெயர் பெரிது, பொருள் கைக்கடக்கம். குதிரையின் அருகே தந்திகளின் மேலாகப் பொருத்தப்படும் சிறு பெட்டி அது. உள்ளே ஆறு தந்திகளுக்கும் ஆறு சக்கரங்கள். அவற்றின் விளிம்பிலே நுண்ணிய பற்கள். மோட்டார் அவற்றை இடைவிடாது சுழற்றும். ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய சக்கரம் தாழ்ந்து தந்தியை உராயும், விட்டால் எழும்பும். இவ்வாறு எழும் ஓசைகளை ஒலிநாடாவில் ஒன்றன்மேலொன்றாகப் பதிந்தால், ஒருவரே வயலின் கூட்டமொன்றை எழுப்பிவிடலாம்.

இந்த ஆசைக்காக இருவரும் 1976இல் புகழின் உச்சியில் நின்ற தம் குழுவையே துறந்தனர். கருவியின் ஆற்றலைக் காட்டத் தொடங்கிய இசைத்தட்டு வளர்ந்து, 1977இல் 'கொன்சிக்குவென்சஸ்' என்ற மூன்று தட்டுத் தொகுதியாக வெளிவந்தது. கருவியொன்றை அறிமுகஞ்செய்ய ஒரு தட்டே மிகையன்றோ! கேட்போர் அதனை விரும்பி வாங்கவில்லை.

1979 அளவில் அமெரிக்காவிலே கருவி விற்பனைக்கு வந்தது. பிளாஸ்ரிக்குச் சக்கரங்களை வெப்பமும் ஈரப்பதனும் பாதித்தன. ஒருநாள் இசைத்தது மறுநாள் கரகரத்தது. வயலின் வாசிப்போரின் கை, ஓசையைச் செவிமடுத்தவாறே அழுத்தத்தைக் கணந்தோறும் கூட்டும், குறைக்கும். மோட்டாருக்கு ஏது செவி? அதற்குள் மின்னணு இசைக்கருவிகளும் வயலின் ஓசையை எளிதில் தரத் தொடங்கின. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஆயினும் 'லெட் செப்பெலின்' குழுவின் ஜிம்மி பேஜ் அதனைப் பயன்படுத்தினார். அக்குழு 1979இல் வெளியிட்ட இசைத்தட்டின் முதற்பாடல் தொடங்குமிடத்திலே, அச்சக்கரங்களின் நெடிய முனகலை இன்றும் கேட்கலாம்.