பரணில் கிடக்கும் மரமட்டைகள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நார்வே, பின்லாந்து முதலிய பனிநாடுகளில், மரத்தாலான பழைய பனிச்சறுக்குக் கட்டைகளைத் தேடிச் சேர்த்து, பைன் மரத்துத் தாரைச் சூடாக்கிப் பூசிச் செப்பனிடும் அன்பர்கள் உளர். மாதுங்காவில் பனி ஏது? ஆயினும் அக்கட்டைகளுக்குப் பயன்பட்ட ஆஷ், ஹிக்கரி மரங்கள் வேறோர் உருவில் நம் பரண்களிலும் உறங்குகின்றன. அவைதாம் பழைய டென்னிஸ் மட்டைகள். நண்பர்கள் சிலர் கூடி அவற்றைத் திரட்டிச் சீர்செய்து வருகிறோம். அப்பணியைப் பற்றியே இங்குச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றதும், 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே அரையிறுதி வரை சென்றதும் மரமட்டையைக் கொண்டே. அவர் வன்மையால் வென்றவர் அல்லர். பந்தை வருடி, இடம் பார்த்து வைத்தவர். அம்மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அவ்வாட்டத்தின் அருமை விளங்கும். தலை சிறிது, எடையோ 400 கிராமை நெருங்கும். நடுவில் படாத பந்து எங்கோ போய்விடும்! அதன்பின் எஃகு மட்டை பரவியது. பின் அலுமினியமும் கரிநாரும் வந்தன. 1983-இல் பாரிசில் யானிக் நோவா வென்றதே ஆடவர் பெரும்பட்டங்களுள் மரமட்டை கண்ட கடைசி வெற்றி.

சோர் பஜாரின் மட்டன் தெருவில் டன்லப், ஸ்லாசெஞ்சர் மட்டைகளுக்கு நல்ல விலை சொல்வார்கள். எங்கள் நெஞ்சோ ஜலந்தர் மட்டைகளையே நாடுகிறது. 1947-இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டை விட்டு வந்த தொழிலாளர் பலர் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறி, விளையாட்டுக் கருவித் தொழிலை மீண்டும் நிறுவினர். ஊர்விட்டு ஊர்வந்து பிழைத்த நமக்கு அக்கைவினையின்மேல் தனிப்பற்று உண்டாவது இயல்பே.

மட்டைக்குப் பகை மும்பையின் மழைக்காலம். மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த சட்டம் அது. ஈரம் ஏறினால் மரம் நெகிழும். ஒவ்வொரு நரம்பும் 20 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், நெகிழ்ந்த சட்டம் முறுக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கவே நான்கு மூலையிலும் திருகுள்ள மரச்சட்டத்தினுள் மட்டையைப் பூட்டி வைத்தார்கள். மட்டை கிடைக்கிறது; அந்தப் பூட்டுச்சட்டம் கிடைப்பதில்லை. விறகென எண்ணி எறிந்துவிட்டார்கள் போலும்!

சீர்செய்வோர் முதலில் பழைய நரம்பை அறுக்க வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து அறுத்தால் மறுபக்க இழுவிசை சட்டத்தைக் கோணலாக்கும்; ஆகவே நடுவில் தொடங்கி, நாற்புறமும் மாறிமாறி ஓரம் நோக்கிச் செல்வோம். அடுத்து ஈரத்துணியால் மெல்லத் துடைப்போம். விரிசலில் வச்சிரம் இட்டுக் கட்டி வைப்போம். கோணலை ஒரே நாளில் நிமிர்த்த முயலலாகாது. வாரக்கணக்கில், திருகைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுதியில் ஆளிவிதை எண்ணெய், ஓரிரு கை அரக்கு வார்னிஷ், அவ்வளவே. உப்புத்தாளைக் கண்டபடி தேய்த்தால் முத்திரையும் எழுத்தும் போய்விடும். தோல்பிடியில் முன்னோர் கைபட்டுக் கறுத்த இடத்தையும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

உணவகச் சுவரில் மாட்டுவதற்காகப் பளபளவென்று சாயம் பூசிய மட்டைகளைக் காணும்போது எங்களுக்கு வருத்தமே மிகுகிறது. பந்தைத் தொடாத மட்டை மட்டையாகுமா? நாங்கள் செப்பனிட்டவற்றுக்கு இழுவிசை குறைத்து நரம்பு கட்டி ஆடியும் பார்க்கிறோம். ஆனால் மரமட்டைக்கு நரம்பு கட்டப் பழகிய கைகள் அருகிவிட்டன. இளைஞர் எவரேனும் கற்க முன்வந்தால் ஞாயிறுதோறும் சொல்லித்தர ஆயத்தமாயிருக்கிறோம்.

செம்பூரிலும் மாதுங்காவிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பி வருகிறார்கள். வீடு காலி செய்யும் அன்பர்கள், பரணில் மட்டை ஏதும் இருப்பின், பங்கார்வாலாவிடம் போடுமுன் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள். பூட்டுச்சட்டம் மட்டும் கிடந்தாலும் கொண்டு வாருங்கள்.