கெட்ட வார்த்தை எது?



பிள்ளைப் பருவத்தில் நம்மில் பலர் வாயில் அடி வாங்கியது கெட்ட வார்த்தைக்காகத்தான். தெருவில் கேட்டதை வீட்டில் வந்து சொன்னால் அடி விழும்; மிளகாய்ப்பொடி தடவிவிடுவேன் என்ற மிரட்டலும் வரும். அதே வீட்டில், காலை இழுத்து நடக்கிற பக்கத்து வீட்டுக்காரரை எல்லாரும் ‘நொண்டி’ என்றே குறிப்பிடுவார்கள். காது கேளாத பெரியம்மாவுக்குச் ‘செவிட்டுப் பெரியம்மா’ என்றே பெயர் நிலைத்துவிடும். அதற்காக எந்தப் பிள்ளையையும் யாரும் அதட்டியதில்லை. உடலின் ஓர் உறுப்பைச் சொன்னால் குற்றம், ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தினால் அது சாதாரணப் பேச்சு என்ற பாடத்தோடுதான் நாம் வளர்ந்தோம். அந்தப் பாடம் தவறு என்பதை நம் சமூகம் மெல்ல மெல்ல, பெருந்தயக்கத்தோடு உணர்ந்து வருகிறது. இன்றைய உரையில் அந்த மாற்றத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் தெருச் சண்டை ஒன்று காவல் நிலையம் வரை போனால், முதல் தகவல் அறிக்கையில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 என்ற எண்கள் பெரும்பாலும் சேர்ந்தே வருவது 2024 வரை வழக்கமாக இருந்தது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகும்படி ஆபாசமாகப் பாடுவதையும் பேசுவதையும் தண்டித்தது 294(பி). 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296ஆம் பிரிவாகியிருக்கிறது. இந்தப் பிரிவு காப்பாற்ற நினைப்பது யாரை? வசவுக்கு ஆளானவரை அன்று. அக்கம்பக்கத்தில் நின்று கேட்கிறவர்களின் காதுகளை. வெறுமனே இழிவாகவோ அவமதிப்பாகவோ பேசுவது இந்தக் குற்றத்தில் வராது என்று 2022இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியது. பாலியல் ஆபாசம் இல்லாத வரை, ஒருவர் இன்னொருவரை எவ்வளவு இழித்துப் பேசினாலும் இந்தப் பிரிவுக்கு அது பொருட்டில்லை.

ஆபாசச் சொற்களின் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. கரிசல் காட்டு மனிதர்களின் பாலியல் கதைகளைக் கி. ராஜநாராயணன் தேடித் தேடித் தொகுத்தார். பெருமாள்முருகன் தம் கட்டுரை நூலுக்கே ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ என்று பெயர் வைத்தார். நடவு வயலிலும் களத்துமேட்டிலும் மாமன் மைத்துனர்களுக்கு இடையே புழங்கும் வசவில் உரிமையும் பாசமும் உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஓர் ஆணைத் திட்ட வேண்டும் என்றாலும் அவன் தாயையோ தங்கையையோதான் இழுக்கிறோம். சண்டையில் இல்லாத ஒரு பெண் இருவரின் வாயிலும் அடிபடுகிறாள். எத்தனை உரிமையோடு பேசினாலும் இந்தப் பகுதியை என்னால் ஏற்க முடியாது.

என் அக்கறையெல்லாம், கேட்பதற்குச் சுத்தமாக இருக்கிற வசவுகளைப் பற்றித்தான். ஒன்பது என்பது வெறும் எண். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் வருகைப் பதிவேட்டில் அந்த எண் விழுந்த பையனைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் ‘எட்டு’ என்று அழைத்ததுமே வகுப்பில் சிரிப்புத் தயாராகிவிடும். நடையில் கொஞ்சம் நளினம் உள்ள பையனாக இருந்துவிட்டால் அந்த எண் அவனை டீக்கடைக்கும் பேருந்துக்கும் துரத்திக்கொண்டு வரும். இதில் எந்தத் தணிக்கைக்காரரும் ‘பீப்’ ஒலி போட முடியாது. 1794இல் தொடங்கிய சென்னையின் மனநல மருத்துவமனைக்கு நேர்ந்ததும் இதுவே. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிவிட்டோம். தூக்கம் வராமல் தவிக்கிற ஒரு பெண்ணை மருத்துவரிடம் அழைத்துப்போகக் குடும்பம் தயங்குகிறது என்றால், அந்தத் தயக்கத்தில் இந்தக் கேலிக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்படி ஒரு சொல்லைக் கேட்டவர் அந்தக் கணத்தில் என்னவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை. சொன்னவர் மேலதிகாரியாக இருந்தால் வேலை, வீட்டுக்காரராக இருந்தால் குடியிருப்பு, நண்பராக இருந்தால் நட்பு என ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும். வாய் திறந்தால் “சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்” என்பார்கள். இன்னும் அழுத்திச் சொன்னால் “இவரிடம் எதுவும் பேச முடியாதப்பா” என்று ஒதுக்குவார்கள். பேசாமல் சிரித்துவைத்தால் அடுத்த நாளும் அதே பெயர். ஊன்றுகோலோடு அரசு அலுவலகத்துக்குப் போகிற ஒருவருக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் விபத்து இல்லை, அவருடைய அன்றாடம். தவறு ஒருவருடையது, அதைத் திருத்தும் பொறுப்பு காயம்பட்டவருடையது என்கிற ஏற்பாடு மிகக் கொடியது.

இழிபெயர்களுக்கு எதிரான போராட்டம் இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லித் தம் மக்களைத் தாழ்த்தினார்களோ, அதே பெயரில் தலைநிமிர்ந்து பேசுவது அவர் எடுத்த முடிவு. அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். பிறர் திணித்த இழிபெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று வரலாற்றைத் தோண்டி வாதிட்டார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் அயோத்திதாசர். ஆக, ஒரே குடும்பத்துக்குள் இரண்டு மைத்துனர்கள் இந்தக் கேள்விக்கு எதிரெதிரான இரண்டு விடைகளைச் சொன்னார்கள். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்தச் சொல்லால் அடிபடாத எவருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். தன்னைக் குறிக்கிற சொல்லை ஏந்துவதா எறிவதா என்பது அந்த மக்கள் எடுக்க வேண்டிய முடிவு. வெளியாள் அதைக் கையில் எடுப்பது வேறு செயல். 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் இடம்பெற்றது. ஆனால் உலகத்து ஆங்கில ஏடுகள் ஒதுக்கப்பட்ட நாடுகளைக் குறிக்க இன்றும் ‘பரையா’ என்று எழுதிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரிலிருந்து போன இழிவு அங்கே கூச்சமில்லாமல் நடமாடுகிறது.

சுதந்திர இந்தியாவின் சட்டம் இந்த வலியைச் சரியான பெயரிட்டு அழைத்தது 1989இல்தான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழித்துப் பேசுவதைக் குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே எழுதியது. 294(பி)யோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பார்வையாளரின் கூச்சம். இங்கே பாதிக்கப்பட்டவரின் மானம். என் பார்வையில், வசவு பற்றிய இந்தியச் சிந்தனையில் நிகழ்ந்த மிகப் பெரிய திருப்பம் இதுவே.

இந்தச் சட்டம் நீதிமன்றத்துக்குப் போனபோது எழுந்த வாதத்தை நாம் தெருவிலும் தினம் கேட்கிறோம்: “அது சாதியின் பெயர்தானே, உள்ளதைத்தானே சொன்னேன்?” 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. வாசலில் நின்ற காருக்கு அருகே இருந்த ஒருவரைச் சாதிப்பெயர் சொல்லி இகழ்ந்த வழக்கு அது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் என்ன பொருள் தந்தது என்று ஆராய வேண்டியதில்லை, இன்று மக்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் அதே பார்வை தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு வந்தது. கோயில் விழாவை ஒட்டிய தகராறில் சாதியையும் உணவையும் சேர்த்து இழித்தவர்களின் தண்டனையை உறுதிசெய்த நீதிபதிகள், தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறையையும் அதே தீர்ப்பில் கண்டித்தார்கள். சொல்லையும் குவளையையும் ஒரே தீர்ப்பில் வைத்துப் பார்த்தது மிகச் சரியான செயல். அந்தக் குவளை செய்கிற வேலையைத்தான் அந்தச் சொல்லும் செய்கிறது.

ஆனால் சட்டத்தில் ‘பொதுப் பார்வை’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறதல்லவா? நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாத இடத்தில் நடந்த இழிவு இந்தப் பிரிவில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சி இல்லாத அறையில் ஒருவர் பட்ட அவமானத்துக்கு அவருடைய நெஞ்சு மட்டுமே சாட்சி. சுவருக்குள் நுழையத் துணிந்தது இன்னொரு சட்டம்: 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். பேச்சால் இழைக்கும் வன்முறை எது என்று விளக்கும் இடத்தில், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ பெண்ணை இகழ்வதை அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. வளைகாப்பு வீட்டில் தாம்பூலத் தட்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, அந்த வரி எத்தனை தாமதமாக வந்தது என்பது தெரியும். ‘மலடி’ என்ற சொல்லை இன்று நகரத்து வீடுகளில் உரக்கச் சொல்லத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் ஒரு நல்ல மாற்றம். “இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

2016இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் போலவே பொதுப் பார்வையில் அவமானப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. அதே ஐந்தாண்டு வரையிலான சிறையை வைக்கிறது. 2019இன் திருநர் சட்டமோ சொல்லாலும் உணர்வாலும் துன்புறுத்துவதைச் சேர்த்துக்கொண்டும், மிகுதியான தண்டனையை இரண்டு ஆண்டோடு நிறுத்திவிட்டது. மானத்தில் இந்த ஏற்றத்தாழ்வு ஏன்? இந்தக் கேள்வியைத் திருநர் சமூகம் அன்றே எழுப்பியது. நானும் அவர்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

2024இல் உச்ச நீதிமன்றம் நான்கு மாத இடைவெளியில் தந்த இரண்டு தீர்ப்புகளை மாணவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். மார்ச் மாதம், ‘காலேஜ் ரொமான்ஸ்’ என்ற இணையத் தொடர் பற்றிய வழக்கில், கொச்சையும் வசவும் அவை கொச்சை என்பதாலேயே ஆபாசக் குற்றம் ஆகிவிடாது என்றது. கோபத்தில் வரும் சொல்லை அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அந்த விளக்கம் நியாயமானது. ஜூலையில், நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், உடற்குறையைக் குத்தும் சொற்களைத் திரைப்படத்தில் தவிர்க்க வேண்டும் என்றது. உடற்குறையோடு வாழ்வதைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவர்களைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்தும் காட்டியது. முதல் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தது, இரண்டாவது ஒன்றை மூடியது. இரண்டிலும் ஒரே நீதிதான் இருக்கிறது. தமிழ்த் திரைப்பட நகைச்சுவையில் பல பத்தாண்டுகள் இதற்கு நேர்மாறாக நடந்தது. கொச்சைச் சொல்லை வெட்டினோம். திக்கிப் பேசுகிறவரையும் கறுத்த பெண்ணையும் பருத்த உடலையும் காட்டிச் சிரித்த காட்சிகளைக் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தவை என்று சான்று கொடுத்து வெளியிட்டோம்.

தமிழ்நாடு அரசு பெயர்களை மாற்றியிருக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். 2008இல் திருநங்கையர் நல வாரியம், 2010இல் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல், 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கும் அறிவிப்பு. தன் கையிலுள்ள சான்றிதழில் தன்னை இழிக்காத ஒரு சொல் இருப்பது சிறிய விஷயம் இல்லை. இருந்தும், ஓடத் தெரியாத நண்பனை “நீ என்ன மாற்றுத்திறனாளியா?” என்று கேட்கும் சிறுவர்களை இன்று விளையாட்டுத் திடலில் பார்க்கிறோம். புதுச் சொல்லுக்குள் பழைய ஏளனம் குடியேறுகிறது. இதனால் பெயர் மாற்றம் வீண் என்று முடிவுகட்டுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. பெயரோடு சேர்ந்து படிக்கட்டும், சாய்தளமும், வேலையும், வகுப்பறையும் மாற வேண்டும் என்றே கொள்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. ‘புண்பட்டோம்’ என்ற குரல் எழுவதாலேயே அது இழிவுக்கு எதிரான குரல் ஆகிவிடாது. பிள்ளையில்லாத தம்பதி ஊராரின் பேச்சால் படும் வேதனையைச் சொன்ன, பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. பின்னர் அதன் மேல் எழுந்த எதிர்ப்பில் ஆசிரியர் எழுத்தையே துறப்பதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எண்ணிக்கையும் செல்வாக்கும் உள்ள ஒரு கூட்டத்தின் பெருமைக்கு ஏற்படும் உறுத்தலையும், தனியாகத் தெருவில் நடக்கிற ஒருவரின் மானத்தில் விழும் அடியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இந்த அவையில் ஆசிரியர்கள் மிகுதியாக இருப்பதால் ஒரு வேண்டுகோள். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வெட்டுப்பட்ட கொடுமைக்குப் பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரின் சாதியைச் சுட்டி நேராகவோ மறைமுகமாகவோ எதுவும் சொல்லக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் அறிவிக்காமல், தலைமையாசிரியர் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. நிறையப் பள்ளிகளில் “ஸ்காலர்ஷிப் பிள்ளைங்கெல்லாம் எந்திரிங்க” என்ற குரல் பழகிப்போன ஒன்று. அந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லும் கெட்ட வார்த்தை இல்லை. சொல்பவர் மனத்தில் வன்மமும் இருக்காது. ஆனால் எழுந்து நிற்கிற பத்து வயதுப் பிள்ளையை நாற்பது கண்கள் திரும்பிப் பார்க்கின்றன. அரசாணைக்குக் காத்திராமல் நாளைக் காலையே இதை நிறுத்திவிடலாம். பட்டியலை ஒரு மேசை இழுப்பறைக்குள் வையுங்கள். இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.