வேடல் கல்வெட்டும் விடுதி ஆசிரியையும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில், பணி நிறைவு பெறும் ஆசிரியை ஒருவருக்கு எடுக்கப்பட்ட பாராட்டு அரங்கில், அவருடைய முன்னாள் மாணவி ஆற்றிய உரை)



இத்திங்கள் இறுதியில் அம்மையார் பணி நிறைவு பெறுகிறார். 34 ஆண்டுகள் பகலில் தமிழாசிரியையாகவும், மாலை முதல் மறுநாள் காலை வரை பெண்கள் விடுதியின் காப்பாளராகவும் இருந்தவர். எனக்கு முன் பேசிய சான்றோர் அவருடைய புலமையையும், பொதுத்தேர்வில் மாணவியர் பெற்ற வெற்றிகளையும் விரிவாக எடுத்துரைத்தனர். அவையெல்லாம் பகற்பொழுதின் செய்திகள். அவ்விடுதியில் ஏழாண்டுகள் வளர்ந்தவள் என்னும் உரிமையில் நான் இரவைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பள்ளி என்னும் சொல்லுக்குப் படுக்கை என்பது ஒரு பொருள். துறவியர் உறைவிடம் என்பது மற்றொன்று. கற்குமிடம் என்பது இன்று எல்லோரும் அறிந்தது. நம் முனிவர்கள் தங்கிய குன்றுகளில் கற்படுக்கைகளைக் கண்டவர்களுக்கு இம்மூன்றும் எவ்வாறு ஒரு சொல்லில் சேர்ந்தன என்று விளக்க வேண்டியதில்லை. உறங்கும் இடமும் கற்கும் இடமும் ஒன்றாக அமைந்த விடுதிப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடலுக்கு உங்களுள் பலர் சென்றிருப்பீர்கள். பழைய பெயர் விடால். அங்குள்ள கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர் அங்கு இருந்தார். அவரிடம் பயின்ற மாணாக்கியர் 500 பேர். இவர்களுக்கும் அங்கிருந்த தவசியர் 400 பேருக்கும் பூசல் நேர்ந்தது. அப்போது அவ்வூரார், குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாங்களே காத்து உணவளிப்பதாக ஏற்றுக்கொண்டனர். அதுவே கல்லில் வெட்டப்பட்டது.

பெண்கல்விக்குச் சான்றாக இக்கல்வெட்டை மேடைதோறும் சொல்கிறோம், கைதட்டலும் பெறுகிறோம். தவறில்லை. கழுகுமலையிலும் குரத்தியர் பெயர்களும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் வேடல் கல்வெட்டின் உயிர்ப்பகுதி புகழுரை அன்று, ஓர் ஒப்புதல். யார் காப்பது, யார் சோறிடுவது என்ற இரு வினாக்களுக்கு ஓர் ஊர் அளித்த விடை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு எங்கள் விடுதிக்கு வாருங்கள்.

சூரியன் மறைவதற்கு முன் உண்பது நம் நெறி. இல்லத்தில் நாலைந்து பேருக்கு இது எளிது. 120 சிறுமியர் இருக்கும் விடுதியில் எளிதன்று. ஆடியில் 6.35க்கு மறையும் சூரியன் கார்த்திகையில் 5.40க்கே மறைந்துவிடும். பள்ளி விடுவதோ 4.30 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் குளித்து, துணி துவைத்து, வணங்கி, உண்ண வேண்டும். மாலை ஐந்தரைக்கு உண்ட பிள்ளை இரவு ஒன்பது மணி வரை படித்தால் பசிக்காமல் என்ன செய்யும்? அம்மையார் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால அட்டவணையை மாற்றினார். இரவுப் படிப்பு எட்டு மணியோடு நின்றது. விடியல் நான்கரைக்குப் படிப்பு தொடங்கியது. கார்த்திகை, மார்கழியில் சமையற்கட்டு பிற்பகல் இரண்டு மணிக்கே எழுந்துவிடும். நோயுற்ற பிள்ளைக்கும் மிகச் சிறியவர்களுக்கும் அவர் விதியைத் தளர்த்தினார்; தமக்கு ஒருநாளும் தளர்த்தியதில்லை. பிற சமயக் குடும்பத்துப் பிள்ளைகளும் எங்களுடன் இருந்தனர். அவர்களிடம் நெறியின் காரணத்தைச் சொன்னாரே ஒழிய ஒருபோதும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களுள் இருவர் இன்றும் இரவில் உண்பதில்லை என்று அறிந்தேன்.

காய்ச்சல் கண்ட பிள்ளையின் கட்டிலருகே ஒரு மர முக்காலி வந்து சேரும். மறுநாள் முதல் வகுப்பில் அதே அம்மையார் நன்னூல் நடத்துவார். பவணந்தி முனிவர் ஆசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாகச் சொன்னதை எங்களுக்கு விளக்கியபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. இரவு முழுதும் விழித்திருந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். பொறுமைக்கு நிலம் என்ற பாடத்திற்கு வேறு விளக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இனி, கொஞ்சம் கசப்பான செய்தி. விழா மேடையில் இதைச் சொல்லலாமா என்று எண்ணிப் பார்த்தேன். இங்கு சொல்லாமல் வேறெங்குச் சொல்வது? விடுதிப் பள்ளி அரசு நிதியுதவி பெறாதது. ஆகவே அம்மையாருக்கு ஓய்வூதியம் இல்லை. வருங்கால வைப்பு நிதி ஒன்றே. இரவுப் பணிக்குத் தனி ஊதியம் அவருக்கு எக்காலத்தும் வழங்கப்பட்டதில்லை; அவர் கேட்டதுமில்லை. சமையற்கட்டை ஒட்டிய ஒற்றை அறையில் வாழ்ந்தவர். வரும் ஜூன் மாதம் அதையும் ஒழித்துத் தர வேண்டும். அவ்விடத்திற்குக் காப்பாளர் வேண்டி இருமுறை விளம்பரம் செய்தாயிற்று. இரவு தங்க ஒருவரும் முன்வரவில்லை. வியப்பொன்றுமில்லை. ஒருவர் தம் வாழ்நாளையே ஈந்து செய்த பணியை, ஊதியமின்றி இன்னொருவர் வந்து செய்வார் என்று நாம் எதிர்பார்ப்பது எந்த அறத்தில் சேரும்?

காப்பாளர் இல்லையேல் விடுதி இயங்காது. விடுதி இல்லையேல், பேருந்து வராத சிற்றூர்களிலிருந்து வரும் நம் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் நிலை மீண்டும் வரக்கூடும். என் அன்னையார் அப்படி நின்றவர்.

ஆகவே அறக்கட்டளைப் பெருமக்களிடம் பழைய மாணவியர் சார்பில் பணிவுடன் மூன்று விண்ணப்பங்கள். அம்மையார் விரும்பும் காலம்வரை அவ்வறை அவருக்கே உரியதாக இருக்கட்டும். இரவுப் பணிக்கு முறை வைத்து இருவர் அமர்த்தப்படட்டும். அவர்களுக்கு உரிய ஊதியம் தனியே வழங்கப்படட்டும். அவ்வூதியத்தில் பாதியை 46 முன்னாள் மாணவியர் திங்கள்தோறும் தர ஒப்பியுள்ளோம். மறுபாதியை அறக்கட்டளை ஏற்க வேண்டும். இம்முடிவு வாய்ச்சொல்லாக நில்லாமல் நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். வேடல் ஊரார் கல்லில் வெட்டினார்கள். நாம் தாளில் எழுதினால் போதும்.

அம்மையாரிடம் இதுபற்றி முன்னரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பார். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: ஞாயிறுதோறும் பிற்பகலில் நன்னூல் பாடம் நடத்த ஓர் அறையும், கரும்பலகையும். அதனை மட்டும் தலைவர் அவர்கள் இசைந்துவிட்டார்கள். வைகாசி முதல் வகுப்பு தொடங்குகிறது; பெரியவர்களும் சேரலாம். ஒப்புதல் படிவங்கள் நுழைவாயில் மேசையில் உள்ளன.

இன்று சூரியன் மறைவு 6.20க்கு. பந்தி 5.15க்குத் தொடங்க வேண்டும் என்று அம்மையார் ஏற்கெனவே இருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். எனவே இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன்.