மின்னஞ்சலில் இழையும் கொடியும்

அரசாங்கக் கந்தோர்களிலிருந்து வரும் கடிதங்களின் தலைப்பில் 'எனது இல.', 'உமது இல.' என இரண்டு குறிப்புகள் காணப்படும். பதிற்கடிதம் முந்திய கடிதத்தின் இலக்கத்தைத் தாங்கி வருவதனாலேயே எழுதுவினைஞர் அதனை உரிய கோவையிற் சேர்க்க முடிகிறது. மின்னஞ்சலிலும் நடைபெறுவது ஏறக்குறைய இதுவே.

மின்னஞ்சலின் அமைப்பை வகுத்த 1982ஆம் ஆண்டின் விதிகள் இதற்கு இடமளித்தன. அனுப்பப்படும் கடிதம் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. பதில் எழுதும்போது அவ்வடையாளமும், அதற்கு முன் சென்றவற்றின் அடையாளங்களும் புதிய கடிதத்தின் தலைப்பகுதியிற் பதிவாகின்றன. வாசிப்போர் கண்ணுக்கு இவை சாதாரணமாகப் புலப்படுவதில்லை; மென்பொருளோ இவற்றைக் கொண்டே கடிதங்களை ஓர் உரையாடலாகக் கோக்கிறது. இத்தொடர்ச்சியே இழை எனப்படும். 2004இல் தோன்றிய ஜீமெயில் இழைகளையே அஞ்சற்பெட்டியின் ஒழுங்காக ஆக்கியது. புதிய விடயம் எழுத விரும்பும் ஒருவர், முகவரி தேடும் சிரமத்துக்கு அஞ்சிப் பழைய கடிதமொன்றை எடுத்து, 'பதில்' என்பதை அழுத்துவதுண்டு. அக்கடிதம் முடிந்துபோன விவகாரமொன்றின் அடியிற் போய் ஒளிந்துகொள்ளக்கூடும். பிழை இயந்திரத்தினுடையதன்று.

இழை கடிதத்தோடு பயணஞ் செய்வது. பெறுபவரின் பெட்டியிலேயே தங்கிவிடும் குறிகளும் உள. 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுக்கத் தொடங்கிய ஐமாப் முறையில், பார்க்கப்பட்டது, பதிலளிக்கப்பட்டது, கவனத்துக்குரியது என்பன போன்ற குறிகள் சேவையகத்திலேயே வைக்கப்படுகின்றன. ஆகவே கைத்தொலைபேசியில் விழுந்த குறி கந்தோர்க் கணினியிலும் தெரிகிறது.

அவ்வசதியே ஆபத்துமாகும். பேருந்தில் நின்றபடி ஓர் உத்தியோகத்தர் கடிதமொன்றைத் திறந்து, முதல் வரியைப் பார்த்து மூடிவிடுகிறார். கந்தோருக்கு வந்ததும் அது தடித்த எழுத்தில் தோன்றாது, பார்க்கப்பட்டதாகிவிட்டது. 'கிடைத்தது, பின்னர் அறிவிப்போம்' என ஒரு வரி அனுப்பினாலும் 'பதிலளிக்கப்பட்டது' என்ற குறி விழுந்துவிடும். பதிலின் பொருளை மென்பொருள் ஆராய்வதில்லை. ஓய்வூதியம் பற்றிக் கேட்டெழுதிய முதியவருக்கோ இக்குறிகளுள் ஒன்றும் தெரியாது. அவர் காத்திருப்பார்.

'கவனத்துக்குரியது' என்னும் குறியே கொடி. மற்றைய இரண்டும் தாமாக விழுபவை. கொடியை மனிதரே இடவேண்டும், மனிதரே எடுக்கவேண்டும். கடிதத்தை அரைகுறையாக மூட நேரும்போது கொடியிட்டு மூடுதல் ஒரு நொடி வேலை. வேலை முடிந்தபின் அதனை எடுக்க மறப்போரே அதிகம். நூறு கொடிகள் நிற்கும் பெட்டியில் நூற்றோராவது கொடி எவர் கண்ணிலும் படாது, அது அம்முதியவரின் கடிதத்தில் நிற்பதாயினும்.