பெயர் என்னும் பரிசு



உழைப்பவர்க்கு ஊதியம் உரிமை. ஆயினும் ஊதியத்தால் மட்டும் மனம் நிறைவதில்லை. 'இது நின் கைத்திறன்' என்று பலரறியச் சொல்லும் ஒரு சொல்லுக்கும் அது ஏங்குகிறது. பொன்னும் பொருளும் அல்லாத அப்பரிசை வழங்கும் முறையைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் காணலாம்.

985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயில் 1010இல் குடமுழுக்குக் கண்டது. அதன் தச்சர் தலைவன் வீரசோழன் குஞ்சரமல்லன். அவனைக் கல்வெட்டு 'இராசராசப் பெருந்தச்சன்' என்று குறிக்கிறது. உடன் பணியாற்றிய மற்றொருவன் 'நித்தவினோதப் பெருந்தச்சன்'. நித்தவினோதன் என்பதும் அவ்வேந்தனின் விருதுப்பெயரே. மயிர்வினைஞன் ஒருவனும் 'இராசராசப் பெருநாவிசன்' எனப்பட்டான். முடி சூடியவன் தன் பெயரையே உளி பிடித்தவனுக்கும் கத்தி பிடித்தவனுக்கும் பகிர்ந்தளித்தான். கருவூலத்திலிருந்து ஒரு காசும் குறையாத கொடை அது!

கோயிற் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர் நானூற்றுவர். அவர்களைத் தொகையாக எண்ணி நிறுத்தாமல், ஒவ்வொருத்தியின் பெயரும், முன்பிருந்த ஊரும், குடியிருந்த தெருவும், வீட்டின் வரிசையும் பொறிக்கப்பட்டுள்ளன. குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், தையற்காரர், கணக்கர் ஆகியோரும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஆடல் மகளிர் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக விதிக்கப்பட்டிருந்தது. பணியாளர் இறந்தால் அப்பணியும் பங்கும் அடுத்த உறவினரைச் சேரும் என்றும் அக்கல்வெட்டே வரையறுக்கிறது. கூலியைக் குறைத்துப் பட்டத்தால் ஈடுகட்டும் தந்திரம் அங்கில்லை. நெல்லையும் பெயரையும் ஒரே கல்லில் வெட்டினார்கள். பசித்தவன் தோளில் போர்த்தும் பொன்னாடை பாராட்டாகாது.

இன்று கட்டடந்தோறும் திறந்துவைத்தவர் பெயர் பளிங்கில் ஒளிர்கிறது. கல் சுமந்தவர் பெயரோ வருகைப் பதிவேட்டோடு மறைகிறது. இலக்கிய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. மேடையில் கவி பாடியவர் மலரில் இடம்பெறுவார். அழைப்பிதழுக்கு முகவரி எழுதியவரும், பாய் விரித்தவரும், எழுத்துக் கோத்தவரும் பெரும்பாலும் 'மற்றும் பலர்' என்ற இரு சொற்களுள் அடங்கிவிடுவர்.

சொல்லை ஆள்பவர் கவிஞர். ஒரு பெயரின் அருமையை அவரினும் அறிந்தவர் யார்? அந்நெல் அன்றே உணவாயிற்று. பெயர்கள் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. பத்தாண்டு நிறைவில் ஓர் அமைப்பு தன் தொண்டர்க்கு அளிக்கத்தக்க பரிசும் அதுவே: 'மற்றும் பலர்' என்பதை நீக்கி, அவரவர் பெயரைப் பிழையின்றி எழுதுதல்.